கொடியும் குடியுரிமையும் காணியும்: வாசிப்பு வட்டத்தின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின்படி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இயங்கும் நமது வாசிப்பு வட்டம் இவ்வாண்டு முழுவதும் கனடாவின் வரலாற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு, இந்நாடு தன்னைத் தனியொரு நாடாக எப்போது, எந்தச் சச்சரவுகளின் ஊடாக எண்ணத் தொடங்கியது என்ற கேள்வியைச் சுற்றியே மாதாந்த அமர்வுகளை நடத்தியது. நூற்றைம்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த நாட்டுக்கு ஓராண்டு வாசிக்குமளவுக்கு வரலாறு ஏது என்று தொடக்கத்தில் சிலர் கேட்டனர். இரண்டாவது அமர்வுக்குப் பின் அக்கேள்வி எழவில்லை என்பதைச் சபைக்கு அறியத்தருகிறேன்.

முதலில் எடுத்துக்கொண்டது 1964ஆம் ஆண்டின் கொடி விவாதம். 1867இல் நான்கு மாகாணங்கள் இணைந்து உருவான கூட்டாட்சிக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்ற கொடியொன்று இருக்கவில்லை. பிரித்தானியக் கொடியை மூலையில் தாங்கிய 'ரெட் என்சைன்' தான் பறந்தது. பிரதமர் லெஸ்டர் பியர்சன் அதை மாற்றும் எண்ணத்தை 1964 மே 17 அன்று வினிபெக்கில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டிலேயே சொன்னார். அந்தப் பழைய கொடியின் கீழ் போரிட்டவர்கள் அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். எதிர்ப்பு கடுமையாக இருக்கும் இடத்துக்கே முதலில் போய்ச் சொன்ன துணிவை அமர்வில் அனைவரும் மெச்சினர். ஆனால் பியர்சன் விரும்பிய வடிவம், இரு ஓரங்களிலும் நீலப்பட்டையும் நடுவில் மூன்று மேப்பிள் இலைகளும் கொண்டது, நிலைக்கவில்லை. பதினைந்து பேர் கொண்ட நாடாளுமன்றக் குழுவில், லிபரல் உறுப்பினர்கள் தங்கள் பிரதமரின் மூன்று இலைகளையே ஆதரிப்பார்கள் என்று கணக்குப்போட்ட கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் ஒற்றை இலைக்கு வாக்களிக்க, லிபரல்களும் அதற்கே வாக்களித்துவிட, 14க்கு 0 என்ற கணக்கில் இன்றைய கொடி தேர்வாயிற்று. அதன் பின்னும் எதிர்க்கட்சித் தலைவர் டீஃபன்பேக்கர் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சுக்குக் கால எல்லை விதித்த பின்னரே, டிசம்பர் 15 அதிகாலையில், 163க்கு 78 என்று முடிவு வந்தது. 1965 பெப்ரவரி 15 அன்று கொடி ஏற்றப்பட்டது.

அவ்வமர்வில் மூத்த அங்கத்தவர் ஒருவர் நம் மண்டப வாசலில் தொங்கும் ஒன்ராறியோ மாகாணக் கொடியைச் சுட்டிக்காட்டினார். மூலையில் பிரித்தானியக் கொடி, செந்நிறத் துணி, மாகாணச் சின்னம்: அது 1965இல், புதிய தேசியக் கொடி ஏறிய சில மாதங்களில், பழையதை விட மனமில்லாத மாகாணம் தனக்கென எடுத்துக்கொண்ட கொடி. பல ஆண்டுகளாக அதைக் கடந்து உள்ளே வந்தவர்கள் அன்றுதான் நின்று பார்த்தனர்.

அடுத்து குடியுரிமை. 1947 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் சட்டப்படி கனடியக் குடிமகன் என்று எவரும் இருக்கவில்லை. இங்கு பிறந்தவர்களும் பிரித்தானியப் பிரஜைகளே. அதே மாதம் 3ஆம் திகதி ஒட்டாவாவில் நடந்த வைபவத்தில் முதலாம் இலக்கச் சான்றிதழைப் பிரதமர் மெக்கென்சி கிங் பெற்றுக்கொண்டார். நியூஃபவுண்ட்லாந்து கனடாவில் சேர்ந்ததோ 1949இல், அதுவும் இரண்டு வாக்கெடுப்புகளுக்குப் பின் மிகக் குறுகிய பெரும்பான்மையில். இதிலிருந்து அமர்வில் ஒரு செய்தி வெளிப்பட்டது. 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் மீட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அந்த ஊர்களில் அன்று நாற்பது வயதைத் தாண்டியிருந்த எவரும், அங்கேயே பிறந்தவரானால், பிறப்பால் கனடியர் அல்லர். நம்மை வரவேற்ற கனடியர் என்று நாம் சொல்லிவந்தவர்களில் பலரும் இந்நாட்டுக்கு இடையில் வந்து சேர்ந்தவர்களே.

இவ்வாண்டில் அதிக நேரம் எடுத்தது காணி பற்றிய அமர்வுகள். அதற்காக நான் வருந்தவில்லை. 1787இல் ரொறன்ரோ நிலத்துக்காக, இம்மண்ணின் முதற்குடிகளுள் ஒருவரான மிசிசாகா மக்களுடன் பிரித்தானியர் செய்ததாகச் சொன்ன கொள்வனவின் பத்திரம், பின்னர் எடுத்துப் பார்த்தபோது வெறுமையாக இருந்தது. தலைவர்களின் அடையாளங்கள் தனித் துண்டுக் காகிதங்களில் இட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. ஊரில் நொத்தாரிசாகப் பணியாற்றிய அங்கத்தவர் ஒருவர், இப்படியொரு உறுதியைத் தன் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் வந்தவரை வாசலோடு அனுப்பியிருப்பேன் என்றார். 1805இல் 250,808 ஏக்கருக்குப் பத்து ஷில்லிங் என்று எழுதி அதைச் சீராக்க முயன்றனர். மிசிசாகா மக்களின் கோரிக்கை 2010இல் 145 மில்லியன் டொலருக்குத் தீர்ந்தது. ஸ்காபரோவின் பெரும்பகுதி அந்தக் கொள்வனவின் எல்லைக்குக் கிழக்கே கிடப்பதால், அப்பக்க நிலத்துக்காக முதற்குடிகளுடன் செய்யப்பட்ட 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளையும் வாசிக்க வேண்டியிருந்தது. அவை தொடர்பான வழக்கு 2018இல்தான் ஏழு முதற்குடிகளுடன் இணக்கத்துக்கு வந்தது. வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர்கள் நிறைந்த சபையில் இந்த வாசிப்பு சிறிது அமைதியை உண்டாக்கியது.

இதன் தொடர்ச்சியாகப் முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துத் தங்கவைத்த, பிரான்ட்ஃபர்டில் உள்ள முன்னாள் மோஹாக் வதிவிடப் பாடசாலைக்கு ஒரு பயணம் சென்றோம். 1970இல் மூடப்பட்ட அந்தச் செங்கற் கட்டடத்தின் பின்சுவரில், அங்கே அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் தம் பெயர்களையும் தமக்கு இடப்பட்ட இலக்கங்களையும் கீறிவைத்திருக்கிறார்கள். சில எழுத்துகள் ஒரு சிறு பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் இல்லை. தாய்மொழியில் பேசியதற்குத் தண்டனை பெற்றவர்களைப் பற்றி அங்கு கேட்டபின், வார இறுதியில் பேரப்பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிச்செல்பவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில் முதற்குடிகளின் உரிமைகளும் உடன்படிக்கைகளும் 2021இல்தான் சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலானோர் எடுத்த பிரமாணத்தில் அவை இல்லை.

கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டும். 1971 ஒக்டோபரில் பியர் ட்ரூடோ அறிவித்த பன்முகப் பண்பாட்டுக் கொள்கையே இந்நாட்டின் அடையாளம் என்றும், மற்றவை அதற்கு முன்னுரை என்றும் ஒரு சாரார் வாதிட்டனர். ஆட்சி மொழிகள் இரண்டு, ஆனால் ஆட்சிப் பண்பாடு எதுவுமில்லை என்ற அந்தக் கொள்கையால் அதிக பயன் அடைந்தவர்களுள் நாம் அடங்குவதை மறுப்பதற்கில்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் 2016இல் ஏற்றதும் அதன் வழியே. எனினும், நாம் வந்து இறங்கிய நாளிலிருந்து நாட்டின் கதையைத் தொடங்குவது வசதியான வாசிப்பு என்பதே என் கருத்து. விவாதம் முடியவில்லை, தேநீர் முடிந்தபின் வாகனத் தரிப்பிடத்திலும் தொடர்ந்தது.

நிதி நிலையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மண்டபத்தை இறுதி நேரத்தில் மறுத்ததால் ஒரு அமர்வு பின்போடப்பட்டது. இனி முன்பதிவை எழுத்தில் பெறுவதென நிர்வாக சபை முடிவு செய்துள்ளது.

வரும் ஆண்டுக்கு 1885ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாக சபை பரிந்துரைக்கிறது. பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணி நவம்பர் 7 அன்று அறையப்பட்டது. முதற்குடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்த வழிவந்த மேத்தீ மக்களின் தலைவரும், அரசுக்கு எதிரான கிளர்ச்சியை நடத்தியவருமான லூயி ரியல் நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். அப்பாதையை அமைக்க உழைத்த சீனர்களின் இனத்தார் நாட்டுக்குள் வருவதற்கு அதே ஆண்டில் ஆளுக்கு 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. இன்றைய கொடியின் வடிவத்தை முன்மொழிந்த ஜோர்ஜ் ஸ்டான்லி, ரியலின் வாழ்வை ஆராய்ந்த வரலாற்றாசிரியரும் ஆவார் என்பதால், இவ்வாண்டு வாசிப்பிலிருந்து அங்கு செல்வது எளிது. இளையோரும் கலந்துகொள்ளும் பொருட்டு அமர்வுக் குறிப்புகளை ஆங்கிலத்திலும் தருவதா என்ற பிரேரணை இன்று சபையின் வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது. ஆதரவாகவும் எதிராகவும் பேச விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டு, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்