டோபிக் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பு நெஞ்சங்களுக்கு,

வெள்ளம் வடிந்து பத்து நாள்தான் ஆகிறது. நம் பள்ளி கிடந்த கோலத்தை எல்லாரும் பார்த்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நடக்கவே நடக்காது என்று நானே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்ட தொல்லியல் கண்காட்சி நேற்று நடந்து முடிந்தது.

மண்டபத்தைக் கழுவிவிட்ட பெற்றோர், மேசை நாற்காலி தந்த கோயில் நிர்வாகம், லோரி அனுப்பியவர், மூன்று நாளும் மீ கோரேங் கட்டிக் கொடுத்த சீனத்து அக்கா, பெயர் எழுதாத உறையில் பணம் வைத்துப் போனவர் எல்லாருக்கும் கைகூப்புகிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விடுங்கள்.

கண்காட்சிக்காகப் பிள்ளைகள் வரைந்து, வெள்ளத்தில் நனைந்துபோன படங்களைக் குப்பைப் பையில் கட்டி மோட்டார் கூடையில் வைத்திருந்தேன். போகிற வழியில் பட்டர்வொர்த் டோபிக் கடையில் சேலை வாங்க நின்றேன். அண்ணன் பையை எட்டிப் பார்த்தார். “இதையா வீசப் போகிறீர்கள், டீச்சர்?”

கடையை மூடிய பிறகு ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பரப்பினார். அரை ஈரம் ஆகும்வரை காத்திருந்தார். செய்தித்தாள் கொண்டு வரட்டுமா என்றேன். “மை ஒட்டிக்கொள்ளும்” என்று சொல்லி, தம் பழைய வேட்டியைக் கிழித்து மேலும் கீழும் வைத்து, சூட்டைக் குறைத்து இஸ்திரி போட்டார். வர்ணம் தீட்டியவை போனது போனதுதான். பென்சில் படங்கள் நாற்பத்தொன்று பிழைத்தன.

பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த குவார் கெப்பா மேட்டில் 2017இல் கிடைத்த, ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் பெற்ற கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு, கெடாவில் உள்ள சுங்கை பத்துவின் பழங்கால இரும்பு உலை என்று ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டே வந்தவர், ஒரு செங்கல் மேட்டுப் படத்தில் நின்றுவிட்டார். மெர்போக் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவராம். “மாடு மேய்க்கும்போது இப்படி ஒன்றின்மேல்தான் உட்காருவோம். பழைய சூளை என்று நினைத்தோம். யாரும் சொல்லவில்லை, டீச்சர்.”

2013இல் சுங்கை பத்துவில் ஒரு சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் செங்கல் மேட்டை, இயந்திரம் வைத்து இடித்த செய்தியைப் படித்த அன்றுதான் அவருக்குச் சந்தேகமே வந்ததாம். தாம் உட்கார்ந்த மேடும் அதுவும் ஒன்றா என்பது அவருக்கே தெரியாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1025, ராஜேந்திர சோழன், கடாரம் (இன்றைய கெடா) என்று சொல்லிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவள் நான். அவன் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே துருத்தி ஊதி இரும்பு உருக்கியவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனை நிமிடம் பேசியிருப்பேன்? கணக்குப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் மெர்போக் அரும்பொருளகத்துக்குப் பஸ் கிளம்பும். செலவு என் பொறுப்பு. முன்னிருக்கை அண்ணனுக்கு.

காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு குறைதான் சொன்னார்: “படத்தில் மேட்டைச் சுற்றி ரப்பர் மரங்களை வரையாமல் விட்டுவிட்டார்கள்.”

நேற்றுக் காலை அவர் மண்டபத்துக்கு வந்தபோது, படம் வரைந்த ஐந்தாம் ஆண்டு மாணவி தரையில் உட்கார்ந்து இரண்டு மரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பால் சீவிய கோடு எந்தப் பக்கம் சாயும் என்று அவரிடமே கேட்டாள். அண்ணன் குனிந்து, இடமிருந்து வலமாக இறக்கி, விரலால் தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

நன்றியுடன்,
வரலாற்றுக் கழகப் பொறுப்பாசிரியை