அம்மாவுக்கு கிஃப்ட் வாங்குறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்னையர் தின கிஃப்ட் பத்தி நீங்க போட்டிருந்த பக்கத்த படிச்சேன், எல்லாமே காசு குடுத்து வாங்குற பொருளாவே இருந்துச்சு, மனசு கேக்கல, அதான் எழுதுறேன். இந்த நாளுக்காக பாடுபட்டு 1914ல அமெரிக்காவுல அரசே அறிவிக்கிற அளவுக்கு கொண்டு வந்த அன்னா ஜார்விஸ்ங்கறவங்களே பின்னாடி இது வியாபாரமா போச்சேன்னு எதிர்த்து நின்னாங்க, அச்சடிச்ச கார்ட விட கைப்பட எழுதுற லெட்டர் தான் பெருசுன்னு நெனச்சவங்க அவங்க.

போன வருஷம் நான் அம்மாவுக்கு புது போன் வாங்கிக் குடுத்தேன், பாதி நாள் அலமாரில தான் கெடந்துச்சு. இந்த தடவ அவங்க அம்மாவோட ஓரம் கிழிஞ்ச சின்ன போட்டோவ நல்லா தெளிவா ஸ்கேன் பண்ணி, சரி பண்ணி, பெரிசா பிரிண்ட் போட்டு குடுத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் ரெண்டு மணி நேரம் சின்ன வயசு கதையா சொன்னாங்க, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன், அதுல பாதி எனக்கே தெரியாது!

வீட்டுக்கு வேணுங்கறத வாங்கி அம்மா பேர்ல குடுக்காதீங்க ப்ளீஸ்.

அடுத்த தடவ வாசகர்கள் அவங்கவங்க அம்மாவுக்கு எழுதுன லெட்டர் ரெண்டு மூணாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி