சூப்பர்மேனின் உடையும் ஓர் அச்சுத் தொழிலாளியின் வருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்சட்டைக்கு மேல் உள்ளாடை அணியும் அபத்தத்திலிருந்து சூப்பர் ஹீரோக்களைத் திரைப்படங்கள்தான் மீட்டெடுத்தன என்று தங்கள் சென்ற இதழின் சினிமாக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. சிவகாசியில் காமிக்ஸ் புத்தகங்களின் வண்ணப் பக்கங்களை ஓட்டி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த உரிமை போதாதென்று கருதினால், தங்கள் குப்பைக்கூடைக்கு வழி என் முந்தைய கடிதங்களுக்கு நன்றாகவே தெரியும்.

சூப்பர்மேனின் உடை யாரும் உடுத்திக்கொண்டு சண்டையிடுவதற்காகப் பிறந்ததல்ல. 1938-இல் அது வெளிவந்தபோது, வரைந்த ஜோ ஷஸ்டரின் மனத்தில் சர்க்கஸ் பயில்வான்களின் உடை இருந்தது. அச்சானதோ மட்டமான நியூஸ்பிரிண்டில், சின்னஞ்சிறு கட்டங்களில். அந்தத் தாளில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் அழுத்தமாக நிற்கும், கட்டம் எவ்வளவு சிறிதானாலும் ஆள் யாரென்று தெரியும். இடுப்பில் அந்தச் சிவப்பு உள்ளாடை இல்லையென்றால் கழுத்து முதல் முழங்கால் வரை ஒரே நீலத் திட்டுதான். சாம்பல் நிறமோ புள்ளிகளைக் கலந்து வரவழைக்க வேண்டியது. மை சற்றுக் கூடினாலும் அச்சுத் தகடான பிளேட் இம்மியளவு விலகினாலும் ஒரு ஃபாரத்தில், அதாவது ஓர் அச்சுத் தாளில், நீலமடிக்கும், அடுத்ததில் பச்சையடிக்கும். அதற்காக மேஸ்திரியிடம் நான் வாங்கிய வசவுகளுக்குக் கணக்கில்லை. 1962-இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்த ஹல்க் இரண்டாம் இதழிலேயே பச்சையானதும் இதே தொல்லையால்தான் என்பது தாங்கள் அறியாததல்ல.

இந்த உடைகளுக்குச் சொல்லப்படும் நடைமுறைக் காரணங்கள் பெரும்பாலும் பிறகு தேடிக்கொள்ளப்பட்டவை. பேட்மேனின் மார்பில் மஞ்சள் வட்டம் 1964-இல் வந்தது. அது குண்டுகளைக் கவசமிட்ட மார்புக்கு இழுக்கும் தந்திரம் என்ற விளக்கத்தை காமிக்ஸ் படைப்பாளி ஃபிராங்க் மில்லர் 1986-இல்தான் கொடுத்தார். 2011-இல் சூப்பர்மேனின் சிவப்பு உள்ளாடையைக் கழற்றி, உயர்ந்த காலரும் கவசக் கோடுகளும் தந்து ‘நவீன’மாக்கினார்கள், 2018-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ ஆயிரமாவது இதழில் அந்தப் பழைய உள்ளாடை திரும்பிவிட்டது. மேலங்கி கதவில் சிக்காதா என்ற கட்டுரையாளரின் நகைச்சுவையும் பழையதுதான். சுழல்கதவில் மேலங்கி மாட்டிச் சுடப்பட்டுச் சாகும் ஒரு வீரனை ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் தொடரில் எழுத்தாளர் ஆலன் மூர் எப்போதோ எழுதிவிட்டார். அசையாத படத்தில் வேகத்தையும் திசையையும் காட்ட ஓவியனுக்கு அந்தத் துணியை விட்டால் வேறு எது உண்டு? பெண் பாத்திரங்களுக்கு மட்டும் துணியைக் குறைத்துக்கொண்டே போனதைக் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேன்; கட்டுரையாளருக்கு அது கண்ணில் படவில்லை.

தங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. ஸ்பைடர்மேன் படம் வந்தபோது நடிகரின் உடற்பயிற்சிக்குப் பக்கம் பக்கமாக இடமளித்தீர்கள். அந்த உடையின் வலைக்கோடுகளை முதலில் வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. குறைத்துவிட்ட சிறுவர் படக்கதைப் பக்கத்தைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை. காமிக்ஸ் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம், சினிமாவாகிவிட்டால் மட்டும் கலாச்சாரம் என்ற கொள்கையை மாற்றும் வலிமை இந்த வயதில் எனக்கில்லை.

ஆகவே சிறியதொரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த உடைகளைப் பற்றி வெளியிடும்போது, திரைப்பட ஸ்டில்லுக்குப் பதிலாக ஒரு காமிக்ஸ் கட்டத்தை அச்சிட்டு, அதன் கீழே வரைந்தவர் பெயரையும் போடுங்கள். கால் அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சிவகாசி.