சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரப் பெற்றோர் சங்கம்: 2025 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், செயலவையினர், வேலை முடிந்து அப்படியே வந்திருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளி உபசரிப்பு, பள்ளிப்பை கொடுத்தது எல்லாம் படத்தோடு புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டாயிற்று, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராகப் புகார்களுக்கு வருகிறேன், செயலவையின் நேரம் பெரும்பாலும் அதற்குத்தான் போனது.

முதலில் கையெழுத்து விவகாரம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயாரை, மகன் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம், கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். பையன் இன்னொருவனோடு அடித்துக்கொண்டது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. மலாய் மொழியில் ஒரு தாளை நீட்டி, வந்ததற்கு அத்தாட்சி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை, அந்த அம்மா வேலை பூட்ஸோடு கவுண்டரில் நின்றபடியே போட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மூத்த மகள் வாசித்துப் பார்த்தால், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும்படி பெற்றோரே கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம் அது! துணைத்தலைவரும் நானும் கூடப் போய், விண்ணப்பத்தை மீட்டுக்கொள்வதாகக் கடிதம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிய பிறகுதான் அங்கே பேச்சின் தொனியே மாறியது. பையன் இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறான்.

அடுத்து, இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பு. 1996 கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் படிக்க வசதி செய்து தர வேண்டும். ஆசிரியர் இல்லை என்பார்கள், இருந்தால் பள்ளி விட்ட பிறகு வைப்பார்கள், அதற்குள் பள்ளி பஸ் போய்விடும், அப்புறம் பிள்ளைகளுக்கே ஆர்வம் இல்லை என்று நம் தலையில் கட்டுவார்கள். ஆனால் கையெழுத்து வாங்க மனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போனால் நம் ஆட்களே, "ஏன்ணே வம்பு, பிள்ளைய குறி வச்சிடுவாங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். கோயில் திருவிழாக் கமிட்டிக்கு அடித்துக்கொண்டு பேர் கொடுக்கிறோம், இதற்கு 15 கையெழுத்து சேர்க்க தீபாவளிவரை ஆனது. மனு போய்விட்டது, எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.

ஒரு தமிழ்ப்பள்ளியில் சின்னப் பெண்ணுக்கு உள்ளங்கையில் பிரம்படி, அதுவும் வீட்டுப்பாடம் செய்யாததற்கு. பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்பது 1959லிருந்து இருக்கிற கட்டொழுங்கு விதி. ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார், பெற்றோரும் அதோடு விட்டுவிட்டார்கள். தமிழ்ப்பள்ளியைப் பற்றி வெளியே பேசினால் மாணவர் எண்ணிக்கை குறையும் என்று செயலவையிலேயே சிலர் தடுத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளை பயந்து அழுதுகொண்டு போகிற பள்ளிக்கு எண்ணிக்கை எப்படி ஏறும்?

அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 150 வெள்ளி (ரிங்கிட்) பள்ளி உதவித்தொகையிலேயே பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் புகார் வந்தது. நன்கொடை என்றால் நன்கொடைதான், கேட்ட அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மலாயில் புகார்க் கடித மாதிரி தயார், நுழைவாயில் மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் கூப்பிட்டால் எங்களில் ஒருவருக்கு முதல் நாளே சொல்லுங்கள், தனியாகப் போக வேண்டாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் சங்கத் தேர்தலுக்கு முன்பே கட்டிவிடுங்கள், இல்லையேல் ஓட்டு கிடையாது.

சரி, அறிக்கையை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும்.