ஐயாவின் அம்பிளிபயர் புறப்படுகிறது

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

காலபோக அருவிவெட்டு முடிந்து நெல்லும் காய்ந்துவிட்டது. இப்போதுதான் உன் ஐயாவின் வால்வு அம்பிளிபயரை, அதுதான் கண்ணாடிக் குழாய் போட்ட அந்தப் பழைய ஒலிபெருக்கும் கருவியை, பெட்டி கட்ட நேரம் கிடைத்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர் ஸ்பீக்கர் கட்டிய காலத்துச் சாமான். கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோமே, அப்போதுகூட அவர் இதை விற்கவில்லை. கனடாவுக்கு இது பழுதில்லாமல் வந்து சேரவேண்டும்.

பாரம் முழுக்க ட்ரான்ஸ்போமர்களில்தான், அதுவும் ஒரே பக்கத்தில். பெட்டி கைதவறி விழுந்தால் அந்த இரும்பு போகிற வேகத்தில் அம்பிளிபயரின் அடித்தகட்டையே வளைத்துவிடும். வெளியே எவ்வளவு மெத்தை வைத்தாலும் உள்ளே ஆட்டம் இருந்தால் பயனில்லை. ஆகவே அடித்தகட்டை ஒரு தடித்த பிளைவுட்டில் போல்ட் போட்டு இறுக்கி, ட்ரான்ஸ்போமருக்கு நேர் கீழே பிளைவுட் துண்டுகளால் முட்டுக் கொடுக்கிறேன்.

இங்கே எல்லோரும் உமி போடச் சொல்கிறார்கள். முட்டைக்கு உமி சரி. இவ்வளவு பாரமான சாமான் லொறியில் குலுங்கக் குலுங்க உமிக்குள் இறங்கி, கடைசியில் பெட்டியின் அடியில் போய் இருந்துவிடும். கசக்கிய பேப்பரும் அப்படித்தான், நசுங்கினால் நசுங்கினதுதான். பிரிட்ஜ் பெட்டிகளில் வரும் கெட்டி ரெஜிபோம் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்பிளிபயரைப் பொலித்தீனால் மூடி ஒரு பெட்டி, அதைச் சுற்றி ரெஜிபோம், அதற்கு வெளியே இன்னொரு பெட்டி.

வெளிப்பெட்டிக்குத் தச்சர் நல்ல பலகை தருவதாகச் சொன்னார். நான் பிளைவுட்டே கேட்டேன். வெளிநாடு போகும் மரப்பெட்டியென்றால் பலகையை நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியோ, அங்கீகரித்த வேறு முறையில் பதப்படுத்தியோ முத்திரை குத்தியிருக்கவேண்டும். மரப்பூச்சி நாடு விட்டு நாடு பரவாமலிருக்க வைத்த ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி அது. பிளைவுட்டுக்கு அது தேவையில்லை.

வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சொக்கெற் என்று இலக்கமிட்டு, தனிப் பெட்டியில் வைக்கிறேன். வந்ததும் கண்ணாடியின் உட்புறம் பளபளக்கும் வெள்ளிப் பூச்சைப் பார். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு சரிவராது.

ஆசையில் உடனே பிளக்கைச் செருகிவிடாதே, மச்சான். இது 230 வோல்ட் சாமான், அங்கே சுவரில் வருவது 120. மின்னழுத்தத்தைக் கூட்டும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகக்கூடும். பழைய கப்பாசிற்றர்களையும் முதலில் சோதிக்கவேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் ஆளைத் தூக்கிப் போடுமளவு மின் தங்கியிருக்கும், உள்ளே கை வைக்காதே.

அங்கே வால்வு வேலை தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று விசாரித்து எழுது. வயரிங்கைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி