வில் எடுத்த தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு பக்கம் கேம் சென்டரிலும் வீட்டிலும் வில்லாளியாக விளையாடும் எல்லாருக்கும்,

போன வாரம் எங்கள் தெரு சென்டரில் ஒரு தம்பி எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். சாமுராய் வகுப்பு (தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் வீரன் வகை), நீள வில், குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் மார்கிட் ஒரே தாவலில் பக்கத்தில் வந்து விழுந்ததும் அவன் கிரேட்ஸ்வோர்டு என்ற பெரிய வாளுக்கு மாறினான், அந்த வாளைத் தூக்கி முடிப்பதற்குள் மார்கிட்டின் கோல் இறங்கிவிட்டது. மூன்று முறை இதேதான். தம்பி வில்லைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் வில்லாளிக்கு ஏற்ற இரண்டாவது ஆயுதம் பற்றி இந்த மடல்.

அந்த வாளுக்கு 31 ஸ்ட்ரென்த், அதாவது பலப் புள்ளி, வேண்டும். சாமுராய் தொடங்குவதே 12-இல். வில்லுக்காக லெவல் எல்லாவற்றையும் கைத்திறனான டெக்ஸிலேயே போட்டு வளர்த்த ஆள் கையில் அது வெறும் சுமை. எடையும் 23. சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருண்டு தப்பும் ரோல் மந்தமாகிவிடும், அதாவது வில்லாளிக்கு உயிரான நகர்வே போய்விடும். அவனிடம் முதல் நாளே இருந்த உச்சிகத்தானா என்ற ஜப்பானிய வாளைப் பாருங்கள்: ஸ்ட்ரென்த் 11, டெக்ஸ் 15, எடை 5.5. நீள வில் கேட்பது ஸ்ட்ரென்த் 9, டெக்ஸ் 14. இரண்டும் ஒரே சோறு தின்கிற பிள்ளைகள், ஒன்றுக்குப் போட்ட லெவல் இன்னொன்றுக்கும் சேரும். போதாததற்கு அடிக்க அடிக்க எதிரிக்கு ரத்தக்கசிவு வேறு. இதைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு டேமேஜ் எண் பெரிதாக இருக்கிறதே என்று கிரேட்ஸ்வோர்டை எடுத்து வைத்திருக்கிறான்.

இரண்டாவது ஆயுதம் எதற்கு என்று முதலில் கேளுங்கள். நாண் இழுக்க நேரம் இல்லாத அந்த இரண்டு மூன்று நொடிக்குத்தான். எதிரி மூச்சு படும் தூரத்தில் நிற்கிறான், அவனைக் கொல்லக்கூட வேண்டாம், ஒரு அடி பின்வாங்க வைத்தால் போதும், மறுபடி தூரம் கிடைத்துவிடும். வேகமாக வெளியே வர வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், வில் சாப்பிடும் அதே ஸ்டாட்டில் (ஸ்ட்ரென்த், டெக்ஸ் போன்ற புள்ளியில்) வளர வேண்டும். சிலர் வில்லோடு குறுக்குவில்லை வைத்துக்கொள்கிறீர்கள். அதுவும் தூரத்து ஆயுதம்தானே, பக்கத்தில் வந்தவனைச் சமாளிக்க முடியாத பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ரேணிகுண்டா தாண்டினால் காளத்தி. கண்ணப்பர் கதை கேட்காமல் இந்தப் பக்கம் யார் வளர்ந்தோம்? திண்ணன் வேடன், வில்லாளி. முதல் வேட்டையில் தப்பி ஓடிய பன்றியை, நாணனும் காடனும் கூட வர, மலையடிவாரம் வரை துரத்திப் போகிறான். கடைசியில் அது நெருங்கி நின்றபோது அதை வீழ்த்தியது அவன் இடையில் இருந்த குறுவாள். சின்ன வயதில் எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும், பாட்டியை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்வேன்.

2012-இல் வந்த டிராகன்ஸ் டாக்மா கேமில் ஸ்ட்ரைடர் வகுப்புக்குக் குறுவில்லையும் இரட்டைக் கத்தியையும் சேர்த்தே கொடுத்தார்கள், யோசித்துச் செய்த ஜோடி அது. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வில்லாளிக்கு வில் மட்டும்தான், கத்தி திருடன் வகுப்புக்குப் போய்விட்டது. அங்கே கூட வரும் பான் என்ற துணையாட்களில் ஒருவனாவது கேடயம் பிடித்து முன்னால் நிற்கட்டும், அவன்தான் உங்கள் இரண்டாவது ஆயுதம்.

ஸ்கைரிம் என்ற கேமில் கதை வேறு. அங்கே வில்லும் ஒற்றைக்கை ஆயுதமும் தனித்தனித் திறமை, பெர்க்கை (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறனை) பிரித்துப் போட்டால் இரண்டும் பாதியில் நிற்கும். ஆனால் ஒளிந்து அடிக்கும் வகையில் வளர்த்த ஆளாக இருந்தால் கத்தி கண்டிப்பாக வேண்டும். மறைந்திருந்து எய்த அம்புக்கு பெர்க் எடுத்தாலும் மூன்று மடங்கு டேமேஜ்தான், கத்திக்கு அதன் பெர்க்கோடு பதினைந்து மடங்கு. எதிரி விழித்துக்கொண்டால் மட்டும் அந்தக் கத்தியை நம்பாதீர்கள்.

அப்புறம் கை பழக்கம். எல்டன் ரிங்கில் வில்லை இடது கையிலும் வாளை வலது கையிலும் வைத்துப் பாருங்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் முக்கோண பட்டனை அழுத்திக்கொண்டு எல்1 தட்டினால் வில் இரண்டு கைக்கும் வரும், மறுபடி அதையே செய்தால் வாள் தயாராக நிற்கும். ஆயுதம் மாற்றும் டி-பேடுக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தம்பி தோற்ற மூன்று முறையும் அவன் கட்டைவிரல் ஆளை நடத்தும் ஸ்டிக்கை விட்டு டி-பேடைத் தேடிப் போனது, ஆள் அசையாமல் நின்றான்.

சரி, கேட்பது இவ்வளவுதான். இன்று ராத்திரி விளையாட உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பெரிய வாளைப் பெட்டியில் போடுங்கள். வில் மேல் கோபித்துக்கொண்டு போன தம்பியே, நீ படித்தால் சனிக்கிழமை சாயங்காலம் சென்டருக்கு வா. உச்சிகத்தானாவை எடுத்துக்கொண்டு மார்கிட்டிடம் மறுபடி போவோம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
நகரியிலிருந்து உங்கள் அண்ணன்