பரணில் இருக்கும் பெட்டி

அன்பு மாப்பிள்ளை முருகேசனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? சோழவந்தான் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகப் போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான்: உங்க அய்யாவின் ரெக்கார்டுப் பெட்டி. பரணில் பத்திரமாக இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. போனில் சொன்னால் சரி சரி என்பாய், மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை. தரையிலிருந்து உத்தரம் வரை தட்டுகள், எல்லாம் புத்தகம் போல நிறுத்தி வைத்தவை. படுக்கப்போட்டு அடுக்கினால் மேல் பாரத்தில் அடித்தட்டு வளைந்துபோகுமாம், அதிலும் நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். "என்ன வேணும்" என்று கேட்கவில்லை. "எதைக் கேட்குறீங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

டி.ஆர்.மகாலிங்கம் என்றேன். வேறு யாரைச் சொல்வேன்? ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம்ம தென்கரைக்காரர் அல்லவா. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்துத் தட்டு, ஒரு 78 எடுத்தார். முள்ளை வைத்ததும் சட்டியில் அரிசி வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம், பின்னால் அந்தக் குரல். உச்சிக்கு ஏறிப்போய் அங்கேயே நின்று சுழல்கிறது, மாப்பிள்ளை! ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் பாடி முடிக்க வேண்டும் என்பதால் ஒரு சங்கதிகூட வீணாக இல்லை. செல்போனில் இதே பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், வேறு வேலை பார்த்துக்கொண்டே. அன்றைக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன்.

அப்புறம் பேச்சு வளர்ந்தது. அவரிடம் இருப்பதில் பாதிக்கு மேல் சவுண்டு சர்வீஸ்காரர்கள் கொடுத்தவையாம். கேசட் வந்த பிறகு பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறார்கள். லேபிளில் மையால் ஊர்ப் பெயர், கடைப் பெயர், ரப்பர் ஸ்டாம்பு. திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று வந்துகொண்டே இருந்தது. உங்க அய்யாவின் ஊதா முத்திரை தட்டுப்படுமோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, கதைவசனத் தட்டுப் போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? முள்ளைத் திருப்புகிற வேலையை உன்னிடம்தான் கொடுப்பார். 78க்கு முள்ளின் ஒரு பக்கம், அதிக நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கு மறுபக்கம். ஏன் என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. முள் ஓடுகிற பள்ளம் 78இல் அகலம், எல்.பி.யில் மெலிசு. மாற்றி வைத்தால் தடித்த முள் மெல்லிய பள்ளத்தை உழுதுவிடும். அவ்வளவு பெரிய பொறுப்பை உனக்குக் கொடுத்தாரே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இனி கவனமாகப் படி. 78 எல்லாம் அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தவை, கை தவறினால் ஓடு மாதிரி உடையும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. ஆசாரிகள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? தட்டும் அப்படியே கரையும். 1948இல் வந்த எல்.பி. வேறு ஜாதி, வினைல் பிளாஸ்டிக். லேசில் உடையாது, சூட்டில் வளையும். இரண்டுக்குமே பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும். மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. லேபிளில் ஈரம் பட்டால் மை போய்விடும். அய்யாவின் கையெழுத்து அதில்தானே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், நீ ஒன்றுமே செய்ய வேண்டாம். என்றைக்கு இடிக்கிறார்கள் என்று மட்டும் எழுது. முதல் நாளே பஸ் ஏறிப் போய் நானே இறக்கிவைக்கிறேன். கடைக்காரர் ஒரு பழைய பிளேயரைப் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், முன்பணம் கொடுத்துவிட்டேன். நீயும் வந்து சேர். முள்ளைத் திருப்புகிற வேலை இந்தத் தடவை எனக்கு.

அன்புடன்,
செல்வம்